கடைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி
(டொராண்டோ நாட்கள் – 6)

சென்ற வாரம் பயணக் கதையை யூனியன் நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து சுரங்க ரயிலேறி வடக்கே காலேஜ் நிலையத்தில் இறங்கினோம். கார்ல்டன் தெருவில் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்ததும் மஞ்சள் செங்கல் சுவரும் பெரிய குவிமாடமும் தெரிந்தன. மேப்பிள் லீஃப் கார்டன்ஸ், பழைய பனி ஹாக்கி அரங்கம்!

1931இல், ஊரெல்லாம் வேலையில்லாமல் தவித்த காலத்தில், லீஃப்ஸ் அணியை நடத்திய கான் ஸ்மைத் இதை ஆறு மாதத்துக்குள் எழுப்பினார். பணம் முடைப்பட்டபோது தொழிலாளர்கள் கூலியில் ஒரு பகுதிக்குப் பங்குப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கைகளை நினைத்தபடியே சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இங்கே ஆடிய காலத்தில் லீஃப்ஸ் அணி 11 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது, கடைசியாக 1967இல். முகமது அலி 1966இல் ஜார்ஜ் சுவாலோவுடன் 15 சுற்று மோதியதும் இங்கேதான். பீட்டில்ஸ் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து பாடினார்கள்.

ஒரே அரங்கில் இத்தனையும் எப்படி? தரைக்கடியில் குழாய்களில் குளிரூட்டிய உப்புநீர் ஓடும். அதன்மேல் ஓர் அங்குலக் கனத்தில் பனித்தளம். இப்படிப்பட்ட அரங்குகளில் கச்சேரிக்கென்று பனியைப் பெரும்பாலும் உருக்குவதில்லை. பலகை பரப்பி நாற்காலி போட்டுவிடுவார்கள்.

1999இல் அணி புதிய அரங்குக்குப் போய்விட்டது. 2011 முதல் கீழ்த்தளத்தில் லாப்லாஸ் மளிகைக்கடை. உள்ளே போனதும் எனக்கு மனசு கனத்தது. ஸ்கார்பரோவிலிருந்து கூட வந்த யாழ்ப்பாணத்து நண்பர் விறுவிறுவென்று 25ஆம் வரிசைக்குப் போய்த் தரையைக் காட்டினார். அங்கே தேய்ந்துபோன ஒரு சிவப்புப் புள்ளி.

“இதுதான் அண்ணை நடு இடம். இதிலதான் பக் வட்டைப் போட்டு ஆட்டம் தொடங்கிறவை.”

கனடா வந்த முதல் குளிர்காலத்தில், உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் ஓர் ஆட்டம் பார்த்தாராம். இந்த ஊர் தன்னையும் சேர்த்துக்கொண்டதாக அன்றைக்குத்தான் தோன்றியதாம். தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தார். வழிவிட்டு ஒதுங்கினோம். சக்கரம் புள்ளியின் மேல் ஏறிப் போனது.

மேலே ஏறினால் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையம். அங்கே இன்னமும் பனித்தளம் இருக்கிறது. மாணவர்கள் சறுக்க, இரும்புக் கத்திகள் பனியைச் சீவும் சரசரப்பு. நண்பர் கையில் பால் பை தொங்க அண்ணாந்து நின்றார்.

“கூரை அதேதான், அண்ணை.”