இல்லாத திரைக்கு ஒரு கணக்கு

ஒரு சின்னப் பெட்டிக் கணினி. மானிட்டர் தனி, கீபோர்டு தனி, பெட்டி மட்டும் ஒரு டிபன் பாக்ஸ் அளவு. அதில் ஒருவர் லினக்ஸ் போடுகிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் மவுசை ஒரு பக்கமாகத் தள்ளினால் அம்புக்குறி மானிட்டர் ஓரத்தில் நிற்காமல் எங்கேயோ போய்விடுகிறது. திறந்த விண்டோ கண்ணில் படவில்லை. சில சமயம் லாகின் திரையே வருவதில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் இரண்டு திரைகள் இருப்பதாகக் காட்டுகிறது. ஒன்று மேசை மேல் இருக்கும் மானிட்டர். இன்னொன்று... லேப்டாப் திரை! லேப்டாப்பே இல்லாத வீட்டில் லேப்டாப் திரை எங்கிருந்து வந்தது?

பேய், பிசாசு எதுவும் இல்லை. லெட்ஜரில் ஒரு சொத்து இருக்கிறது, குடோனில் இல்லை. அவ்வளவுதான்!

சரி, விஷயத்துக்கு வரலாம். கர்னலுக்குக் கண் கிடையாது. எந்தக் கருவிக்கு எந்த டிரைவர், எந்தப் போர்ட்டில் எந்தத் திரை என்பதையெல்லாம் அது காகிதங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் ஒப்பீடு சுலபம். ஒவ்வொரு பிசிஐ கருவியும் தன் எண்களைக் கூடவே வைத்திருக்கிறது. தயாரித்த கம்பெனிக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. இன்டெலின் கம்பெனி எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரும் அதேதான் :-) டிரைவர் எழுதுபவர், தன் டிரைவருக்குத் தெரிந்த எண்களை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுவார். எண் ஒத்துப்போனால் கர்னல் அந்த டிரைவரைக் கூப்பிடும். பர்ச்சேஸ் ஆர்டரையும் பில்லையும் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது போல.

கிராபிக்ஸ் சிப் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் போர்ட்? அதே சிப் லேப்டாப்பிலும் இருக்கும், டெஸ்க்டாப்பிலும் இருக்கும், டிபன் பாக்ஸ் பெட்டியிலும் இருக்கும். எந்தக் காலில் இருந்து எந்த சாக்கெட்டுக்கு வயர் போகிறது என்பது போர்டு செய்தவருக்குத்தான் தெரியும், சிப்புக்குத் தெரியாது.

அதனால் போர்டு செய்பவர் பயாஸில் ஓர் அட்டவணை எழுதி வைக்கிறார். இந்த வெளியீடு எச்டிஎம்ஐ, அது விஜிஏ, இது லேப்டாப் பேனல் என்று. இன்டெல் சிப்புகளுக்கான ஐ915 டிரைவர் இந்த அட்டவணையைப் படித்துத்தான் போர்ட்களைப் பதிவு செய்கிறது. என்விடியா கார்டுகளிலும் இப்படி ஓர் அட்டவணை உண்டு. நூவோ டிரைவரை எழுதியவர்கள் தொடக்கத்தில் கம்பெனியின் உதவி இல்லாமல், நோண்டி நோண்டித்தான் அதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அட்டவணையில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா? இங்கேதான் 'பிசிகல் வெரிபிகேஷன்' வருகிறது. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்று 128 பைட் அளவில் ஓர் அடையாளச் சீட்டு இருக்கும். டிரைவர் இரண்டு மெல்லிய வயர்கள் வழியாக அதைக் கேட்டு வாங்கும். முதல் பைட் 0, அடுத்த ஆறும் 255, எட்டாவது மறுபடியும் 0. இதுதான் தலைப்பு. அதற்கடுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்து. 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இல்லையென்றால் டேலி ஆகவில்லை, சீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எச்டிஎம்ஐ கேபிளில் 'செருகியாச்சு' என்று சொல்வதற்கே தனி வயர் உண்டு. பழைய விஜிஏவில் அது இல்லை. ஆனாலும் மானிட்டர் உள்ளே 75 ஓம் மின்தடை இருக்கும். கொஞ்சம் மின்னழுத்தம் அனுப்பி, மறுமுனையில் சுமை தெரிகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

லேப்டாப் பேனலுக்கு வந்த பழைய எல்விடிஎஸ் இணைப்பில்தான் சிக்கல். அதில் 'செருகியாச்சு' வயர் கிடையாது. மூடிக்குள் திருகி வைத்த திரையை யார் கழற்றப் போகிறார்கள் என்ற நினைப்பு! ஆகவே அட்டவணையின் வார்த்தையைத்தான் டிரைவர் நம்ப வேண்டியிருக்கிறது. லேப்டாப் சிப்பை வைத்துச் செய்த சின்னப் பெட்டிகள் சிலவற்றில், பேனல் இல்லாதபோதும் 'பேனல் உண்டு' என்ற தகவல் அப்படியே நின்றுவிட்டது. 2006-ல் வந்த இன்டெல் மேக் மினி அப்படி ஒன்று. பின்பக்கம் ஒரு டிவிஐ சாக்கெட் உண்டு, பேனல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கணக்கில் பேனல் இருந்தது.

இதற்கு டிரைவர் எழுதியவர்கள் செய்த தீர்வைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். 'இவற்றில் எல்விடிஎஸ் கிடையாது' என்று பெயர் சொல்லி ஒரு பட்டியல்! மேக் மினியில் தொடங்கி, சின்னப் பெட்டிகளும் சில மதர்போர்டுகளுமாக நீள்கிறது. கணினி தொடங்கும்போது அதில் பதிந்திருக்கும் கம்பெனி பெயரையும் மாடல் பெயரையும் டிரைவர் இந்தப் பட்டியலோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பேனலைப் பதிவு செய்யாமல் தாண்டிவிடும்.

புத்திசாலித்தனமாக ஒரே பொது விதி போட்டிருக்கலாமே? சந்தேகமான பேனலை எல்லாம் தள்ளிவிடலாமே? பி.காம். படிப்பவர்களுக்கு இது உடனே தோன்றும். வராதோ என்று சந்தேகப்படும் கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கு வைக்க வேண்டும், சொத்தைக் கூட்டிக் காட்டக் கூடாது என்பதுதானே முதல் வருஷப் பாடம்.

டிரைவர் உலகில் அந்தப் பாடம் தலைகீழ். இல்லாத திரையை இருப்பதாக நினைத்தால் எரிச்சல்தான். ஆனால் இருக்கும் திரையை இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு லேப்டாப் முழுக்க இருட்டு. 'திரை வரவில்லை' என்ற எரர் மெசேஜைக் காட்டுவதற்குக்கூடத் திரை இருக்காது! எனவே சந்தேகம் வந்தால் சொத்தாகவே வைத்துக்கொள், நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் பெயர் சொல்லி நீக்கு. இதுதான் அங்கே கன்சர்வேடிவ்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விஆர் ஹெட்செட்டைச் செருகினால் அதுவும் ஈடிஐடி சீட்டை நீட்டும். கர்னலும் மானிட்டர் என்று நம்பிவிடும். டெஸ்க்டாப் தன் விண்டோக்களை அங்கே பரப்பிவிடும். இதற்கும் பட்டியல்தான். மூன்றெழுத்தையும் மாடல் எண்ணையும் பார்த்து, 'டெஸ்க்டாப்புக்கு அல்ல' என்று ஒரு குறிப்பு ஒட்டிவிடுகிறார்கள். இங்கேயும் திரையை ஒளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் 'நோட்ஸ்' போடுவது மாதிரிதான்.

இந்தப் பட்டியலை யார் எழுதுவது? கர்னல் எழுதுபவரின் மேசையில் உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளும் இருக்காது. ஏதோ ஓர் ஊரில், மவுஸ் அம்பைத் தொலைத்த ஒருவர் தன் பெட்டியின் மாடல் பெயரை எழுதி அனுப்பினால்தான் ஒரு வரி சேரும். கணினி தொடங்கும் வரியில் அந்தப் போர்ட்டின் பெயரைக் கொடுத்து அணைத்துவிடவும் வழி இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். பெயரை எழுதி அனுப்பிவிட்டால், அதே பெட்டியைப் பிறகு பழைய விலைக்கு வாங்குகிறவர் மவுஸைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்ததே தெரியாது.