உறைமண்

குத்துக்கல்வலசை நாற்றுப்பண்ணைக்குள் நான் நுழைந்தபோது சாரல் விட்டிருந்தது. நிழல்வலைக்குக் கீழே ஐந்து பெண்கள் பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கூலி பைக்கணக்கு, வாய் பேசினாலும் கை நிற்காது. செம்மண், மணல், மக்கிய சாணி எரு என்று எல்லாப் பண்ணையிலும் பார்க்கிற கலவைதான். ஓரத்தில் இருந்த சாக்கிலிருந்து மட்டும் ஆச்சி ஒருவர் பைக்கு ஒரு பிடி கருத்த மண் போட்டுக்கொண்டே வந்தார்.

"அது என்ன மண்ணு ஆச்சி?"

"பழைய சவுக்குத் தோப்புல வேரடியில அள்ளுனது தம்பி. கல்வெட்டாங்குழிக்குப் போற கன்னுக்கு இது இல்லாம ஆகாது. பாலு இருந்தாப் போதுமா, உறை ஊத்த வேண்டாமா?"

பக்கத்தில் இன்னொரு சாக்கு. அது உடைமரத்தடி மண், உடைக்கன்றுகளுக்கு. மாற்றிப் போட்டால் பலனில்லை. சவுக்கின் வேரில் பவளம்போல முடிச்சிட்டுக் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவது ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர். உடை, வாகை, புங்கைக்கு அந்த வேலையைச் செய்வது ரைசோபியம். கல் உடைத்த தூளில் இரண்டும் கிடையாது, தூளை நூலால் கட்டிவைக்கிற வேர்ப்பூஞ்சையும் கிடையாது. அங்கே விழா எடுத்து மாவும் தேக்கும் நட்டுவிட்டு, கருகியதும் தண்ணீர்மேல் பழி போடுகிறார்கள்.

நெய்வேலி மண்மேடுகள் நினைவுக்கு வந்தன. பழுப்பு நிலக்கரிக்கு மேலிருப்பதை வெட்டிக் கொட்டும்போது உயிருள்ள மேல்மண் அடியில் புதைந்து, காற்றே அறியாத ஆழத்து மண் மேலே வந்துவிடும். அங்கும் எருவும் நுண்ணுயிர் உரமும் கொடுத்துத்தான் மரம் வளர்க்க வேண்டியிருந்தது.

பை கிழிந்த உடைக்கன்று ஒன்றை ஆச்சி உருவி, வேர்முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். "ரத்தச் செவப்பா இருக்கா? அப்ப வேலை செய்யுது. பச்சையா இருந்தா சும்மா கெடக்குன்னு அர்த்தம்." அந்தச் சிவப்பு, நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவுக்கார நிறமி.

சவுக்கில் ஒரு வில்லங்கம், சருகு லேசில் மக்காது. கென்யாவில் மொம்பாசா அருகே பாம்புரி சிமெண்டு ஆலை தோண்டிவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் 1971-இல் மரம் வளர்க்கத் தொடங்கிய ரெனே ஹாலருக்கும் இதே தொல்லை. 26 வகை வைத்துப் பார்த்ததில் தேறியவை மூன்று. சவுக்கு அதில் ஒன்று. உதிர்ந்ததெல்லாம் மெத்தையாகக் கிடந்தது. கடைசியில் ரயில்பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததிலிருந்துதான் அங்கே மண் உண்டானது.

இதைச் சொன்னதும் ஆச்சி முதல்முறையாகக் கையை நிறுத்தினார்.

"வீட்டுல கண்டா வாரியலால தள்ளுதோம். அங்க அதுக்குக் கூலி எப்படி, பைக்கணக்கா நாள்கணக்கா?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் சாக்கு சரிந்து கருத்த மண் கொஞ்சம் சிந்திவிட்டது. ஆச்சி அதைப் பொட்டு விடாமல் வழித்து அள்ளிச் சாக்கிலேயே போட்டார்.