தூங்கி எழுந்தால் மட்டும்

கல்லாவியில் தங்கச்சி வைத்திருக்கும் லேப்டாப்பை மூடி வைத்துத் திறந்தால் விசிறி இரையும். டச்பேடில் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். "தூங்கி எழுந்தா மட்டும்தாண்ணா இப்படிப் பண்ணுது" என்றாள். அந்த 'மட்டும்' என்னைப் பிடித்துக்கொண்டது. ஓசூரிலிருந்து ஊருக்கு வந்த ஞாயிறுகளெல்லாம் அதைத் தேடுவதிலேயே போயின.

சாதனம் பிராசஸரைக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட். எது எத்தனை முறை கூப்பிட்டது என்று அந்த லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் எண்ணி வைத்திருக்கும். தூங்கும் முன், விரல் பட்டால்தான் டச்பேடின் எண் ஏறியது. எழுந்த பிறகோ, யாரும் தொடாமலே கரண்ட் மீட்டர் போல ஓடியது. டச்பேடின் டிரைவரைக் கழற்றி மாட்டினேன்; மாற்றமில்லை. கோளாறு அதற்கும் அடியில் இருந்தது.

லினக்ஸின் மையமான கெர்னலில், உறக்கத்தின்போது இன்டரப்டுகளைக் கவனிக்கவென்றே ஒரு கோப்பு உண்டு. 2009-இல் ரஃபாவ் விசோத்ஸ்கி எழுதியது. பாதி தூங்கிய சாதனத்தின் டிரைவர் இன்டரப்டுக்கு ஓடிப்போய்க் குழம்பக் கூடாதென்று, உறக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அநேகமாக எல்லா இன்டரப்டுகளையும் நிறுத்தி, விழித்ததும் திறந்துவிடுகிறது. கதவைத் திறப்பதோடு அதன் வேலை முடிந்தது. சிப்பின் காலில் எந்த மின்நிலை 'கூப்பிடுகிறேன்' என்று பொருள்படும் என்பது சிப்புக்குள் உள்ள ரெஜிஸ்டர் என்னும் சிறு நினைவிடத்தில் இருக்கிறது. உறக்கத்தில் அது கலைந்துபோகலாம். அதை முன்கூட்டியே படியெடுத்து, எழுந்ததும் திரும்ப எழுதுவது அந்தக் கால்களைக் கவனிக்கும் டிரைவரின் பொறுப்பு.

2022 நவம்பரில் ஆண்டி ஷெவ்செங்கோ இன்டெல் சிப்புகளுக்கு எழுதிய திருத்தத்தில் என் விடை கிடைத்தது. சில கணினிகளில், வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரே ஒரு காலை நேரடியாக இன்டரப்ட் கன்ட்ரோலருக்குத் திருப்பிவிடுகிறது. அந்தக் கால் உபயோகத்தில் இருப்பதே டிரைவருக்குத் தெரியாது, படியும் எடுக்காது. உறக்கத்துக்குப் பின் ஃபர்ம்வேர் அதைச் சரியாகத் திருப்பி வைக்காததால், உள்ளே வரும் மதிப்பு தலைகீழாகிவிடுகிறது. தொடாத நேரமெல்லாம் தொட்டதாகக் கணக்கு! அப்படிப்பட்ட கால்களையும் படியெடுத்து மீட்கச் செய்தார். சில வரிகள்தான். படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதோடு நிறுத்த மனமில்லை; இன்டரப்டின் பழைய கதையையும் தேடிப் படித்தேன். 1950-களின் கடைசியில், நெதர்லாந்தில் லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் தாங்கள் வடிவமைத்த எக்ஸ்1 கணினியில் இன்டரப்ட் வைக்க விரும்பினார்கள். அதற்கு நிரல் எழுத வேண்டிய டைக்ஸ்ட்ரா பயந்தார்: எந்தக் கணத்தில் கூப்பாடு வரும் என்று தெரியாவிட்டால், ஒருமுறை வந்த பிழையை மறுமுறை வரவழைத்துப் பார்க்க முடியாதே! நெடுநாள் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். இன்டரப்ட் வந்து பாதியில் நின்ற நிரலின் நிலை முழுவதையும் பத்திரப்படுத்தி, சிந்தாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அந்த வேலையே 1959-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று. தங்கச்சியின் லேப்டாப்பில் சிந்தியதும் அப்படிப் பத்திரப்படுத்தாத ஒரு நிலைதான்.

அடுத்த ஞாயிறு அந்தத் திருத்தம் உள்ள கெர்னலைப் போட்டேன். மூடி, தேநீர் குடித்துவிட்டு வந்து திறந்தோம். விசிறி இரையவில்லை. எண் அசையாமல் நின்றது. "தொடட்டுமாண்ணா?" என்றாள்.