லேபிள் இல்லாத பட்டன்

பெரியப்பா கைப்பேசியை எடுத்தால் வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோல் இருக்கும். டாக்பேக் குரலை அவ்வளவு வேகத்தில் வைத்திருப்பார். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. "நீங்க கண்ணால மேயுற வேகத்துலதான் நான் காதால மேயுறேன்," என்பார்.

சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தவர். இனிப்புநீர் முதலில் வலது கண்ணை எடுத்தது, இரண்டு வருடம் கழித்து இடது கண்ணையும். இப்போது ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் பார்வையற்ற நண்பர் ஒருவர்தான் அவருக்குக் கைப்பேசியைக் கற்றுக்கொடுத்தார். திரையில் விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்து இருப்பதைக் குரல் வாசிக்கும். இரண்டு முறை தட்டினால் அதை அழுத்தியதாக அர்த்தம். அவ்வளவுதான் பாடம். அறுபத்தாறு வயதில் ஒரு வாரத்தில் படித்துக்கொண்டார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா கேட்டார். "தம்பி, இந்த பில்லு கட்டுற வெப்சைட்டு உங்க கம்பெனி செஞ்சதுதான? எனக்கு ஒரு தடவ சொல்லிக் குடு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் முன்பக்கம் முழுக்க நான் எழுதியது. நான்கு மாத உழைப்பு. வெளியிட்ட அன்று குழுவில் எல்லாரும் சேர்ந்து பீட்சா வாங்கிச் சாப்பிட்டோம்.

பெரியப்பா விரலைத் தள்ளினார். "பட்டன், லேபிள் இல்லை." மறுபடியும் தள்ளினார். "பட்டன், லேபிள் இல்லை." மூன்றாவதாக ஒரு படத்தின் கோப்புப் பெயரை எழுத்து எழுத்தாக, எண் எண்ணாக வாசித்தது. கணக்கு எண் போடும் கட்டத்தை எப்படியோ கண்டுபிடித்துத் தட்டச்சு செய்தார். ஒரு எண் தவறிவிட்டது. கட்டத்தின் ஓரம் சிவப்பானது. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை, குரலும் ஒன்றும் சொல்லவில்லை. 'அடுத்து' என்ற பட்டனைத் தேடித் தேடிப் போனார். அது அகப்படவே இல்லை. மூன்று நிமிடத்தில் பக்கம் காலாவதியாகி முதலிலிருந்து தொடங்கியது.

இரண்டாவது முறையும் அப்படியே. கைப்பேசியைப் பிடுங்கி நானே கட்டிவிடலாம் போலிருந்தது. மூன்றாவது முறை பெரியப்பா சிரித்துக்கொண்டே கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"நான்தான் எங்கயோ தப்பா அழுத்திட்டேன் போல."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இத்தனை மாதமாக எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். முன்பு டவுனில் ஒரு முகப்பு இருந்தது. கைத்தடியோடு தானே நடந்துபோய்க் காசைக் கொடுத்து ரசீது வாங்கி வருவார். எல்லாம் இணையத்துக்கு வந்த பிறகு அதை மூடிவிட்டார்கள். இப்போது முனைக் கடையில் வேலை செய்யும் பையனிடம் கைப்பேசியையும் வங்கியின் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார்.

"நல்ல பையன்தான். ஆனா பேங்க்ல எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மாசாமாசம் அவனுக்குத் தெரியும். எனக்கு அவன் சொன்னாத்தான் தெரியும்."

அன்று இரவு மடிக்கணினியைத் திறந்து என் நிரலையே படித்தேன். ஒரு பொருளைப் பட்டன் என்று அறிவிக்க எச்.டி.எம்.எல்.-இல் பட்டன் என்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் திரைவாசிப்பானுக்குத் தானாகவே தெரியும், விசைப்பலகையிலும் வேலை செய்யும். நான் அதைப் பயன்படுத்தவில்லை. வடிவமைப்பாளர் கொடுத்த படத்தைப் போல வரவேண்டும் என்பதற்காக வெறும் 'டிவ்' பெட்டிக்கு வண்ணம் பூசி, சொடுக்கினால் வேலை செய்யும்படி விட்டிருந்தேன். கண்ணுக்கு அது பட்டன். குரலுக்கு அது ஒன்றுமே இல்லை. உண்மையான பட்டன்களாக இருந்தவற்றிலும் வெறும் சின்னங்கள்தான். பெயர் வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். நான் எழுதாத வரிகளை எண்ணினேன். பதினேழு.

இவை எனக்குத் தெரியாமல் போனதற்கு விதிகள் இல்லாதது காரணமல்ல. வலைத்தள அணுகல்தன்மைக்கான வழிகாட்டி நெறிகளை டபிள்யூ3சி அமைப்பு 1999-இலேயே வெளியிட்டுவிட்டது. நான் அப்போது குழந்தை. இரண்டாம் பதிப்பு 2008-இல் வந்தது, அதன் 2.2 வடிவம் 2023-இல். அதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. படத்துக்கு விளக்கம் எழுது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். தவறை நிறத்தால் மட்டும் காட்டாதே. சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லாம் செய்ய முடிய வேண்டும். நேரக் கெடு வைத்தால் நீட்டிக்க வழி கொடு. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கணினி படித்தேன். இதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட வகுப்பில் உட்கார்ந்த நினைவில்லை. வகுப்பில் சொல்லித் தராததை நானாகத் தேடிப் படித்தது எத்தனையோ உண்டு. இதைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

கோலாலம்பூர் திரும்பியதும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இறக்கினேன். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்தது. இலவசம். திரையை அணைத்துவிட்டு நான் எழுதிய தளத்தில் நானே பில் கட்டப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆனது, பணம் கட்டும் பக்கத்துக்கே போகவில்லை. எந்தப் பட்டன் எங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்த எனக்கே அந்த நிலை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். மேலாளர் நியாயமான ஆள், நியாயமான கேள்விதான் கேட்டார். "நம்ம பயனர்ல எத்தனை பேர் இப்படி இருக்காங்க?" நான் புள்ளிவிவரத்தைத் தேடிப் போனேன். இல்லை. திரைவாசிப்பான் ஓடுகிறதா என்பதை ஒரு வலைத்தளம் நம்பகமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. பெரியப்பா எங்கள் கணக்கில் 'பாதியில் வெளியேறியவர்' என்று மூன்று முறை பதிவாகியிருப்பார். அவ்வளவுதான். உள்ளே வர முடியாதவர்களை உள்ளே வந்தவர்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தோம்.

சட்டம் இருக்கிறதே என்றேன். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685. அதன் 30-ஆவது பிரிவு தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. "மீறினா என்ன தண்டனை?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அப்படி எதுவும் எழுதாமல்தான் அந்தச் சட்டம் இயற்றப்பட்டது. கடைசியில், மற்ற வேலைகளுக்கு நடுவே முடிந்தால் செய் என்று இரண்டு வாரம் கிடைத்தது. செய்தேன்.

இதற்கிடையில் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்றைச் சொன்னார். "பில்லு கெடக்கட்டும்டா. படிக்கத்தான் ஒண்ணும் ஆப்புட மாட்டேங்குது."

அவர் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் தினமும் கவிதை அனுப்புகிறார்கள். எல்லாம் பூவும் சூரிய உதயமும் போட்ட படங்கள். குரல் "படம்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடும். பழைய இதழ்களை வருடிப் போட்ட பி.டி.எஃப். கோப்புகளும் அப்படித்தான். எழுத்து போலத் தெரிகிறதே தவிர உள்ளே எழுத்து இல்லை, புகைப்படம்தான். யூனிகோடுக்கு முன்னால் தட்டச்சிய பக்கங்கள் இன்னும் வேடிக்கை. அந்த எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்தவை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும் இடத்தில் குரல் ஏதோ ஆங்கில எழுத்துகளை உளறும். தமிழ்ப் பக்கத்தின் மொழியை ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டாலும் வாசிப்பான் தடுமாறும். தமிழ் என்று அறிவிக்க நிரலில் இரண்டே எழுத்துதான் மாற்ற வேண்டும்.

யூனிகோடில் உள்ள சிறுகதை ஒன்றை அனுப்பினேன். முழுதும் கேட்டுவிட்டு மறுநாள் அழைத்தார். "தங்கம்னு எழுதினா தங்க்கம்ங்குது. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்த மாட்டேங்குது. இருந்தாலும் கதை நல்லாருக்குடா. கடைசி பத்தி தேவையில்ல." முப்பது வருடம் கட்டுரை திருத்தியவர். நீண்ட நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கவிதையைப் படமாகப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே அதையே எழுத்தாகவும் ஒட்டிவிடுங்கள்.

போன மாதம் நான் திருத்திய பதிப்பு வெளியானது. அலுவலக நேரத்தில் பெரியப்பா அழைத்தார். "தம்பி, எல்லா பட்டனும் பேர் சொல்லுது. எண் தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லுது. கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன்."

"கட்டிட்டீங்களா?"

"இல்ல. இங்க ஏதோ படத்துல டிராபிக் லைட்ட தேடிக் காட்டச் சொல்லுது."

நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் பகுதி அது. எங்கள் கையில் இல்லை, பணம் கட்டும் சேவையைக் கொடுக்கும் இன்னொரு நிறுவனத்துடையது. ஒலி வடிவம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில், இரைச்சலுக்கு நடுவே. அதன்மேல் டாக்பேக்கின் குரலும் சேர்ந்து பேசும். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்.

"அவங்ககிட்ட கேக்குறேன் பெரியப்பா."

"கேளு. அதுவரைக்கும் அந்தப் பையன்கிட்டயே குடுத்துக்கிறேன்."

இதுவரை இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். முதலாவதற்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. மூன்றாவதை இன்று காலை அனுப்பினேன். இந்த மாத பில்லுக்குக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.