மூன்றாவது பத்தி

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பாப்பா இன்று சொல்லிவிட்டாள். வருகிற ஈஸ்டர் இரவுப் பூசையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வருவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே, "மாதா கோயிலுக்குப் போ, மெழுகுவத்தி ஏத்து, யாரு வேணாம்னாங்க? நானுந்தான் செப்டம்பர்ல சிவாஜிநகர் தேருக்கு வர்றேன். தண்ணி எதுக்குடி ஊத்திக்கணும்?" என்றாள்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஜோகுபாளையத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு. நம்புவதற்கு இங்கே யாரும் விலை கேட்பதில்லை. பெயரை எழுதும்போதுதான் கேட்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. இதில் எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் சொன்னதும் யோசித்துச் சொன்னதும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

ஜனவரி 14

பொங்கல். பாப்பா தன் அலமாரிக் கதவில் தேவசகாயம் படத்தை ஒட்டியிருக்கிறாள். இன்றுதான் அவர் இறந்த நாளாம். 1752இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். சிறையில் அடைத்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற வாலை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

"அதே வடக்கன்குளத்துல பின்னாடி கட்டின கோயில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு ரெண்டு கால் மாதிரி கட்டி நடுவுல சுவர் வச்சாங்க. 1910லதான் இடிச்சாங்க. அது தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

பானை பொங்கியது. அம்மா கூப்பிட்டாள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஜனவரி 15

பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 2

என் கவலை சாமியைப் பற்றியது இல்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். பாப்பாவுக்கு வயது முப்பத்திரண்டு. தனியார் மருத்துவமனையில் பில் போடுகிறாள். வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 28. தாழ்த்தப்பட்டோருக்கு ஐந்து வருடம் தளர்வு. போன அக்டோபரில் முதன்மைத் தேர்வு எழுதியிருக்கிறாள், முடிவு வரவேண்டும். இனி இன்னொரு தடவை எழுத வயது இருக்காது. எல்லாம் அந்த ஆதி திராவிடர் சான்றிதழில் தொங்குகிறது. கிறிஸ்தவளானால் அந்தச் சான்றிதழ் செல்லாது.

நான் ஆசிரியை ஆனதும் அதே மாதிரிக் காகிதத்தால்தான். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வாடகையை ஒன்றாம் தேதி கொடுக்க வைக்கும். ஆஸ்பத்திரியில் நாற்காலி போட வைக்கும். அப்பாவின் கடைசி வருடத்தில் அவருக்குத் தனி அறை கொடுத்தது அதுதான்.

பிப்ரவரி 16

சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிப் பக்கம் போனோம். நான்தான் கூட்டிப்போனேன், வீட்டில் பேசினால் அம்மா அழுகிறாள்.

வகுப்பில் ஒரு பெரியவர் வழி சொன்னாராம். ஞானஸ்நானம் வாங்கிக்கொள், கோயில் பதிவேட்டோடு அது நிற்கட்டும். அரசாங்கக் காகிதத்தில் பழையபடி இந்துவாகவே இரு, பெயரையும் மாற்ற வேண்டாம், நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த மனிதருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். அப்படி இருப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். சட்டம் ஒரு கதவை அடைத்தால் பிள்ளைகுட்டிக்காரர்கள் ஜன்னல் வழியாகத்தான் வருவார்கள்.

திருவள்ளுவர் சிலைக்கு எதிரே நின்றபோது பாப்பா சொன்னாள்: "இவரை 1991லேருந்து 2009 வரைக்கும் துணி சுத்தி வச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? என்னையும் அப்படி மூடி வச்சுக்கச் சொல்றியாக்கா?"

ஞாபகம் இல்லாமலா? பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு போனவள் நான். உள்ளே யார் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கடலை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மார்ச் 5

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலையிலிருந்து வந்தாள். அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். "அழிக்காத, இருக்கட்டும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க சூசை என்ற மனிதரோடு இருந்தேன். கூட வேலை பார்க்கும் ஆசிரியையின் கணவர் வக்கீல். அவர்தான் தீர்ப்பின் நகலைக் கொடுத்தார்.

சூசை சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடர், கிறிஸ்தவரானவர். செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இலவசமாகப் பங்க் கொடுத்தது. வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தலைக்குமேல் ஒரு தகரம், அவ்வளவுதான். இவருக்குக் கிடையாது என்றார்கள், கிறிஸ்தவர் என்பதால். மனிதர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 செப்டம்பர் 30ஆம் தேதி தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியால் வரும் இழிவும் இடரும் புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று காட்டவேண்டும், அதற்கான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அவர் கையில் இருந்த ஊசியும் தோலும்தான் மறுநாளும் இருந்தன. அவரிடம் செருப்பை நீட்டிய கால்களும் அதே கால்கள். வேறென்ன ஆதாரம் வேண்டும்? அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு எனக்கு வந்த கோபத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் வேர் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவரின் ஆணை. அதன் மூன்றாவது பத்தி இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. பிறகு 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். போன நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருத்தியின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்றது. பாப்பா அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறாள். அதனால்தான் அந்தப் பெரியவர் சொன்ன வழி அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். "பயத்துல இல்லக்கா. அவங்க சொல்லாட்டியும் அது பொய்தானே" என்றாள்.

ஒன்று மட்டும் என் மண்டையில் குடைகிறது. நீலகண்டன் உயிரைக் கொடுத்தார், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அவர் சாதியில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அரசாங்கக் காகிதத்தில் அவர் இழக்க என்ன இருக்கிறது? இதே அல்சூரில் ஒரே இரவில், ஒரே தொட்டியில் இரண்டு பேர் ஞானஸ்நானம் வாங்கினால் ஒருத்தருக்கு இலவசம், இன்னொருத்தருக்கு வாழ்க்கைச் சம்பளம். சாமி போட்ட விலை இல்லை இது.

மார்ச் 22

குடியாத்தத்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். இனி வர மாட்டார்களாம்.

ஏப்ரல் 3

முடிவு வந்துவிட்டது. தேர்வாகியிருக்கிறாள். ஒரு பொதுத்துறை வங்கி. அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். பாப்பா வாங்கிச் சாப்பிட்டாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊட்டினாள். ராத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 6

அவள் பைபிளை எடுத்தேன். லூக்கா 14இல் கோடு போட்டிருந்தாள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கப் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிறார். சரிதான், கணக்குத் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மேலே பார்த்தேன். பின்னால் வருகிறவன் யார் யாரையெல்லாம் வெறுக்கவேண்டும் என்று ஒரு பட்டியல். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், சகோதரர்கள். அடுத்து சகோதரிகள்.

அந்த இடத்தில் அவள் கோடு போடவில்லை. ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14

அம்பேத்கர் பிறந்தநாள், நமக்குப் புத்தாண்டும். படத்துக்கு மாலை போட்டது பாப்பாதான், வருடா வருடம் அவள் வேலை அது.

தாத்தா கோலார் தங்கவயல்காரர். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக் கிளை இருந்தது. அங்கே போய்வந்தவர் என்று அப்பா சொல்வார். 1898இல் அயோத்திதாசர் தொடங்கிய அந்தச் சங்கத்தில் எங்கள் ஆட்கள் சாதி வேண்டாம் என்றுதான் பௌத்தர் ஆனார்கள். அம்பேத்கர் நாகபுரியில் மாறியது அதற்கு அப்புறம் எத்தனையோ வருடம் கழித்து. "தாத்தா மாதிரி புத்தராப் போயேன்டி, சர்ட்டிபிகேட்டாவது மிஞ்சும்" என்றேன். வாய்விட்டுக் கேட்ட பிறகுதான், அம்பேத்கர் படத்துக்கு முன்னால் நின்று என்ன பேசுகிறோம் என்று உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. "சர்ட்டிபிகேட்டுக்காகப் போனா புத்தருக்கும் அது மரியாதை இல்லக்கா."

ஏப்ரல் 17

பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. என்னையும் கூப்பிட்டாள், போனேன். திரும்பும்போது, கேட்காமலே சொன்னாள்.

"அப்பா மெஸ்ல ஆபீசருங்க பூட்ஸ் துடைச்சாரு. ரிட்டயர் ஆற வரைக்கும். குனிஞ்சவர் நிமிரவே இல்ல. சாமியே குனிஞ்சு மத்தவன் காலைத் தொட்டுக் கழுவினதா நான் முதல் தடவை படிச்சப்போ அப்பா ஞாபகந்தான் வந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இத எப்படி உங்களுக்கெல்லாம் சொல்றதுன்னுதான் தெரியல."

பஜார் தெரு முழுக்க நடந்தே வந்தோம்.

ஏப்ரல் 19, பெரிய சனி

வாங்கிவிட்டாள். வேறு பெயர் வேண்டாம், அப்பா வைத்த பெயரே போதும் என்று சொல்லிவிட்டாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அம்மா வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஏப்ரல் 19இல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவரான ஆதி திராவிடர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள் என்று ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். பாப்பாவைத் தேற்றியது அம்மா.

ஏப்ரல் 27

வங்கிக்குக் கடிதம். சேரும் முன்பே அவளாகவே எழுதிவிடுவது என்று முடிவு. நான் திருத்தித் தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

அவள் எழுதியிருந்தாள்: நான் இந்த ஒதுக்கீட்டை என் விருப்பப்படி விட்டுக்கொடுக்கிறேன். நான் அந்த வரியை அடித்தேன். நீ எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, 1950ஆம் வருட ஆணையின்படி என் தகுதி நீக்கப்படுகிறது, அதில் எனக்குச் சம்மதம் இல்லை என்று எழுது என்றேன். அப்படி எழுதினால் கோபத்தில் போகிறேன் என்று ஆகிவிடும், நான் சந்தோஷமாகத்தான் போனேன் என்றாள். சந்தோஷம் உனக்கும் கர்த்தருக்கும், வங்கிக்கு எதற்கு அது என்றேன். ராத்திரி பதினொன்று வரைக்கும் இதே சண்டை. நடுவில் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அக்கா சொல்றத எழுதுடி" என்றாள்.

கடைசியில் இரண்டு வரியும் கடிதத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

மே 2

ஆந்திர உயர் நீதிமன்றத் தீர்ப்பு பேப்பரில் வந்திருக்கிறது. கிறிஸ்தவராகிப் பல வருடம் போதகராக இருந்தவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்க முடியாதாம். ஆக, வேலை மட்டும் இல்லை. நாளைக்கு யாராவது சாதியைச் சொல்லி அவளை அடித்தால்கூட அடித்தவனைக் கேட்க அந்தச் சட்டம் வராது. திட்டுகிறவன் பதிவேட்டைப் பார்த்துவிட்டா திட்டுவான்?

பாப்பாவிடம் காட்டவில்லை. அவள் போனில் ஏற்கனவே பார்த்திருக்கிறாள்.

மே 9, வெள்ளி

உள் ஒதுக்கீட்டுக்காக நாகமோகன் தாஸ் ஆணையம் நடத்தும் கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. எடுக்க வந்தவரும் ஆசிரியர்தான், வெயிலில் வாடிப்போயிருந்தார். ஆதி திராவிடர் என்றால் போதாது, அதற்குள் என்ன சாதி என்று சொல்லுங்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அம்மா சொன்னாள், நான் சொன்னேன். பாப்பா, "நான் கிறிஸ்தவள். பிறந்தது இவங்க வயித்துல" என்றாள்.

அவர் போனைப் பார்த்தார். எங்கள் ரேஷன் கார்டில் மூன்று பெயர். "ரெண்டு பேர்னு போடவா?" என்று என்னைக் கேட்டார், ஆசிரியருக்கு ஆசிரியர் என்ற உரிமையில்.

"மூணு" என்றாள் அம்மா. "மூணு பேரு. நான் பெத்தது எனக்குத் தெரியாதா? எழுதுங்க."

நானும் மூன்று என்றேன். காரணம் கேட்டால் சூசையிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வருகிறேன், அதுவரை இந்த வீட்டை முடித்ததாகப் போட மாட்டேன் என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வங்கியிலிருந்தும் இன்னும் பதில் இல்லை.