அப்பாவோட எக்கோவும் ஒரு கமாண்டும்

போன ஞாயிறு, ராஜகீழ்ப்பாக்கம் வீடு. அப்பாவோட எக்கோ சிடியில படங்களோட ஒரு டைகாம் எஸ்ஆர் ரிப்போர்ட் ஃபைலும் இருந்துச்சு. ஜெர்மனிக்காரங்களோட டிசிஎம்டிகே-ல 'டிஎஸ்ஆர்2எக்ஸ்எம்எல்' கமாண்டைக் குடுத்தா, மாத்த மாட்டேன்னு ஒரே அடம்.

காரணம், பேரு! தமிழ்ல அடிச்சவங்க, எந்த என்கோடிங்னு சொல்ற (0008,0005) டேக்கை விட்டுட்டாங்க. ஒரு நகல் எடுத்து, 'டிசிஎம்மாடிஃபை' வச்சு அதுல 'ஐஎஸ்ஓ_ஐஆர் 192', அதாவது யூடிஎஃப்-8னு சேர்த்தேன். எக்ஸ்எம்எல் வந்துருச்சு, ஒவ்வொரு அளவும் அதோட யூனிட்டோட.

பெருமையா அப்பாகிட்ட காட்டினேன். தன் பேரைத் தமிழ்ல பார்த்துச் சிரிச்சுட்டு, "சரிப்பா, இதயம் நல்லாருக்கா?"ன்னார்.

முழிச்சேன். மாத்தத்தான் கமாண்ட் இருக்கு மக்களே. படிச்சுச் சொல்ல டாக்டர்தான் வேணும். நாளைக்கு தாம்பரம் போறோம்.