மாசிக் கடல்

மாசியில் வாடை தணிந்ததும் பாக் விரிகுடா குளம்போல் அடங்கிவிடும். பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாத கடல் அது. அதன் தரையை வாரிச் செல்லும் இழுவைமடி மீன்குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. நம் விசைப்படகுகள் இரவில் எல்லை தாண்டுவதும், யாழ்ப்பாணத்துச் சகோதரர் விரித்த வலைகளை அறுத்துச் செல்வதும் மறுக்கவியலாத உண்மை. நம்மவர் சிறைப்படுவதும் உண்மையே. அதைக் கண்டித்தே 2024 பிப்ரவரியில் இராமேசுவரத்தார் கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணித்தனர்.

அதற்கு முந்திய திருவிழா ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்ததும் யாழ்ப்பாண மீனவர் ஒருவர் என் கரம் பற்றினார். “பாதர், உங்கட சனம் பிடிபட்டால் எங்களுக்கும் கவலைதான். ஆனால் அறுந்த வலைக்குக் கடன் கட்டுறது நாங்கள்” என்றார். அவரிடம் கோபமில்லை, இருந்திருந்தால் பதில் கூறுவது எனக்கு எளிதாயிருக்கும்.

தவக்காலத்தில் ஒறுத்தல் முயற்சிகளைப் பட்டியலிடுகிறோம். (இறைச்சியை விலக்கி மீனுண்பது மீனவருக்கு ஒறுத்தலாகுமா என்பது வேறு கதை.) இழுவைமடி அப்பட்டியலில் இடம்பெற்றதில்லை. 2017இல் அரசு தொடங்கிய ஆழ்கடல் சூரைமீன் திட்டத்துக்கு மாறியோர் மிகச் சிலரே. கடன்சுமையும், கடலில் பல நாள் தங்கும் பழக்கமின்மையும் அவர்களைத் தடுக்கின்றன. அவர்களை நான் குறைகூறேன். ஆயினும், வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதையே முதற்பொருளாக வைத்துள்ளேன். படகு உரிமையாளர் மூவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.